புனேயில் ஒரு படிப்பைப் பார்க்கப் போனோம்

புனே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் என் கண்ணில் பட்டவர்கள் முகத்தை மூடிய பெண்கள். துப்பட்டாவால் தலை, காது, மூக்கு, வாய் எல்லாவற்றையும் இறுகச் சுற்றிக்கொண்டு, கண்ணை மட்டும் விட்டுவைத்து, ஸ்கூட்டரில் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்க அவர்கள்தான். எனக்கு ஒரே குஷி. பொள்ளாச்சியில் நான் சைக்கிள் மிதித்தபோதே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே எதிரில் போவது தன் மகள்தானா என்று பெற்ற அம்மாவுக்கே தெரியாது.

"பூரா பேரும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கெளம்புன மாதிரியில்லம்மா இருக்கு!" என்றார் டாக்டர் வேலாயுதம்.

அவர் மதுரைக்காரர். மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். இப்படிச் சொன்னால் அப்போது பத்தில் ஒன்பது பேருக்குப் புரியாது. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளியிடம் விவரம் கேட்பது, பரிசோதிப்பது, அறுவை சிகிச்சையில் கூட நின்று கை கொடுப்பது என்று டாக்டரின் பொறுப்பில், அவர் கண்காணிப்பில் வேலை செய்கிறவள். என் அம்மா இந்தச் சிக்கலே வேண்டாம் என்று, "டாக்டராட்டந்தானுங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்.

தொண்ணூறுகளில் சென்னையில் நான் இதைப் படித்தேன். அதற்குப் பிறகு ஊர் ஊராக மருத்துவமனைகள் இந்தப் படிப்பைத் தொடங்கின. நாங்கள் புனே போன சமயத்தில் இதற்கென்று நாட்டில் தனிக் கவுன்சில் எதுவும் கிடையாது. ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் பட்டம், இல்லாவிட்டால் மருத்துவமனை கொடுக்கும் சான்றிதழ் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு வேறு ஊரில் வேலை கேட்டால், உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். புனேயில் பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் முதல் அணி மாணவர்கள் பாதிப் படிப்பைத் தாண்டியிருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நேரில் பார்த்து எழுதத்தான் பல்கலைக்கழகம் எங்கள் இருவரையும் அனுப்பியிருந்தது.

இப்படிப்பட்ட குழுவில் அதுவரை டாக்டர்கள்தான் போவார்கள். எங்கள் ஆட்களில் முதல் ஆளாக நான் போகிறேன். ரயிலில் தூக்கமே வரவில்லை. புதுச் சேலைகளை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

டாக்டர் வேலாயுதத்துக்கு ஒரு கொள்கை உண்டு. ஆய்வுக்குப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "சாப்ட்ட வாயால எப்புடிம்மா கொறை சொல்றது?" என்பார். மருத்துவமனை அனுப்பிய காரையும் திருப்பி அனுப்பிவிட்டு லாட்ஜுக்கு ஆட்டோ பிடித்தார். எனக்கு உள்ளூர சந்தோஷம். விருந்தாளியாகப் போனால் பூரியும் பன்னீரும்தான் கிடைக்கும். ஊரை ருசி பார்க்க வேண்டுமென்றால் தெருவில்தானே நிற்க வேண்டும்?

அன்று மத்தியானம் கடைவீதிக்குப் போனோம். பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. ஏதோ பந்த் என்று பயந்து பூக்காரம்மாவிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த இந்தியும் அவருடைய மராத்தியும் எங்கேயோ சந்தித்துக்கொண்டன. "தூங்குகிறார்கள். சாயங்காலம் வா" என்றார். நம்மூர் ரங்கநாதன் தெருவில் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போனால் வீட்டில் உள்ளவர்கள் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். இந்த ஊர்க் கடைக்காரர்களின் தைரியம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

திறந்திருந்த ஒரு சின்ன ஹோட்டலில் மிசள் வாங்கினோம். முளைகட்டிய பயறு, மேலே மிக்சர், அதன் மேல் வெங்காயம், எல்லாவற்றையும் மூழ்கடித்துச் செக்கச்செவேல் என்று ஒரு குழம்பு. தொட்டுக்கொள்ளப் பன். குழம்பு தீர்ந்ததும் பரிமாறுகிறவர் ஒரு வாளியோடு வந்து, "சாம்பிள்?" என்றார். எங்கள் தொழிலில் சாம்பிள் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். டாக்டர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "நெறம் சரியில்லையேம்மா" என்றார். கூடுதல் குழம்புக்கு அங்கே அதுதான் பெயராம். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய நான் மூன்று முறை சாம்பிள் வாங்கினேன்.

மறுநாள்தான் ஆய்வு. மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்டோ கசார்வாடி வரை வந்து உயிரை விட்டது. டிரைவர் இறங்கி ஆட்டோவை ஒரு உதை உதைத்தார். பிறகு தட்டிக்கொடுத்தார். இரண்டுக்கும் அது மசியவில்லை. இரண்டு பக்கமும் லேத் பட்டறைகளாக இருந்ததால் நல்லதாயிற்று. ஒரு பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு இரண்டு பேர் வந்து இன்ஜினுக்குள் தலையை விட்டார்கள். மூன்றாமவர் வந்து அவர்கள் செய்வது தப்பு என்றார். நாலாமவர் எங்களுக்கு டீ வாங்கி வந்தார். ஆய்வு இல்லாத இடம் என்பதால் டாக்டர் மறுக்காமல் குடித்தார்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு? யாருக்கு உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை, படிப்பைப் பார்க்கப் போகிறோம் என்றேன். "இந்த வயதில் படிக்கவா?" என்று டாக்டரைப் பார்த்து ஒருவர் கேட்க, பட்டறையே சிரித்தது. ஆட்டோ ஒருவழியாகக் கிளம்பியது. நாங்கள் நன்றாகத் தாமதமாகிவிட்டோம். அந்தத் தாமதத்தால்தான் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது.

மருத்துவமனை வாசலில் ரங்கோலி போட்டிருந்தார்கள். படிப்புக்குப் பொறுப்பாளரான குல்கர்ணி மேடம் பூச்செண்டோடு மழையில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷி. பதற்றத்தில் என்னிடம் கொடுக்க வேண்டிய பூச்செண்டை எங்கள் ஆட்டோ டிரைவரிடம் கொடுத்துவிட்டார். அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே புதுப் பெயின்ட் வாடை. எங்களுக்காக இட்லி, சாம்பார் செய்து வைத்திருந்தார்கள். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தது மூடியைத் திறக்காமலே தெரிந்தது. டாக்டர் கொள்கையைச் சொல்லிக் கும்பிடு போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கொள்கையை நான் மனதாரப் பாராட்டினேன்.

வகுப்பறைக்குப் போனோம். மாணவர்கள் எல்லோரும் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆசையாக ஒரு கேள்வி கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். இன்னொன்று கேட்டேன். அதற்கும் ஒரே குரல், ஒரே வாக்கியம். ஒப்பிக்க வைத்திருக்கிறார்கள். நூலகத்தில் புத்தகங்கள் முதுகு மடங்காமல் பளபளத்தன. என் உற்சாகம் காற்றுப்போன பலூன் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் வேலாயுதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவருக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அப்படித்தான் துடைப்பார்.

"வழக்கமா இந்த நேரத்துல இவங்க எங்க இருப்பாங்க?" என்று கேட்டேன்.

குல்கர்ணி மேடம் பெருமையாகச் சொன்னார். "வார்டு, ஐசியு, தியேட்டர்னு பிரிஞ்சு இருப்பாங்க. உங்களுக்காக எல்லா போஸ்டிங்கையும் ரத்து பண்ணிட்டோம்! ஒருத்தர்கூட இன்னிக்கு லீவு கிடையாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் படிப்பில் வகுப்பறை கொஞ்சம், நோயாளி அருகில் நிற்பதுதான் அதிகம். பாடத்திட்டத்தில் நாங்கள் பார்க்க வந்ததே அதைத்தான். நாங்கள் பார்ப்பதற்காகவே அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் உட்கார வேண்டும் என்று மணமேடையையே அப்புறப்படுத்திய கதை.

அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது. பச்சை உடுப்பும் தொப்பியுமாக உயரமான ஒருவர் உள்ளே வந்தார். இதய அறுவை நிபுணர் டாக்டர் ஜோக்ளேகர். எங்களை அவர் பார்க்கவே இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் இந்த நாடகம்?" என்று ஆங்கிலமும் மராத்தியும் கலந்து கத்தினார். "காலையிலேயே முடிஞ்சிடும்னு சொன்னீங்களே! அங்க நோயாளி தியேட்டருக்கு வந்தாச்சு. மயக்க மருந்து கொடுக்கலாமா வேண்டாமான்னு கேட்கறாங்க. கால்ல ரத்தக்குழாய் யார் எடுக்கறது? இன்ஸ்பெக்டர்களா வந்து எடுப்பாங்க?"

குல்கர்ணி மேடத்தின் முகம் சுண்டிவிட்டது. மெதுவாக எங்கள் பக்கம் கை காட்டினார். டாக்டர் ஜோக்ளேகர் திரும்பிப் பார்த்து, "ஓ" என்றார். வேறு என்ன சொல்வார் பாவம்!

எனக்கு உயிர் திரும்பி வந்தது. இந்தப் பிள்ளைகள் இல்லாமல் ஒரு தியேட்டர் ஓடவில்லை என்பதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? "போகட்டுமுங்க. நாங்களும் வர்றோம்" என்று எழுந்தேவிட்டேன். கஞ்சிக் கோட்டுகளெல்லாம் ஒரே ஓட்டமாக ஓடின. கோரஸ் பாடிய பிள்ளைகளா இவர்கள் என்று இருந்தது.

உடை மாற்றும் அறையில் ஒரு மாணவி எனக்குத் தொப்பியைக் கட்டிவிட்டாள். சின்ன உருவம், பெரிய கண். நான் தமிழில் எதையோ முணுமுணுத்ததைக் கேட்டு, "அக்கா, நீங்க தமிழா? நானும்! ஆனா என் தமிழ் தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சம்தான்" என்றாள். பெயர் ஜெயா. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். ஜோலார்பேட்டைக்காரர், கோர்படி ரயில்வே காலனியில் ரொம்ப வருஷமாக வாசம்.

"எங்க பில்டிங்ல இருக்கிற பொண்ணுங்க கம்ப்யூட்டர் படிச்சு வேலைக்குப் போயிட்டாங்க அக்கா. கம்பெனி காடி வீட்டு வாசலுக்கே வந்து ஏத்திட்டுப் போகுது. அப்பா எனக்கும் ஒரு கோர்ஸ் பார்த்து வெச்சிருக்காங்க. யூனிவர்சிட்டி இதை ஓகே சொல்லலேன்னா கதம், அவ்வளவுதான். நிறுத்திட்டு அங்க போகணும்." என்னிடம் இதைச் சொல்லலாமா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு கை கழுவப் போய்விட்டாள்.

பைபாஸ் என்றால் காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் அடைப்பைத் தாண்டி வைத்துத் தைப்பார்கள். காலில் எடுக்கும் வேலை பெரும்பாலும் எங்கள் ஆட்களுடையது. நெஞ்சுப் பக்கம் துணை அறுவை நிபுணர் வேலையைத் தொடங்க, ஜெயா கால் பக்கம் குனிந்தாள். நான் இந்த வேலையை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். இருந்தாலும் இன்னொருத்தி செய்வதை நின்று பார்க்கும்போது எனக்குப் புல்லரித்தது. கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போனாள். இழுக்கவில்லை, அவசரப்படவில்லை. ஒரு மண்புழுவை மண்ணிலிருந்து நோகாமல் எடுப்பது போல முழுசாக எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் ஜோக்ளேகருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வகுப்பறையில் கத்தியதற்கும் ஈடுகட்ட நினைத்தாரோ என்னவோ, எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் அள்ளி விட்டார். "பார்த்தீங்களா? என் பிள்ளைங்க அவ்வளவு தேறிட்டாங்க. தினமும் கால் வேலையை இவங்ககிட்ட விட்டுட்டு நான் டீ குடிக்கப் போயிடுவேன்!"

டாக்டர் வேலாயுதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தியேட்டருக்குள் அதைத் துடைக்க வழியில்லாமல் மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"மாணவியை விட்டுட்டு நீங்க வெளியே போயிடுவீங்க. அப்படித்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

குல்கர்ணி மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பெருமையாக நினைத்துச் சொன்ன ஒரு வார்த்தையில் எல்லாம் போயிற்று. மாணவர் எந்த வேலை செய்தாலும் பொறுப்பான டாக்டர் கண்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் படிப்பின் முதல் விதி. அது இல்லையென்றால் மற்ற எது நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது வேண்டாம் என்று நானே எழுத வேண்டி வரும் போலிருந்தது.

"சார், ஒண்ணு சொல்லலாமா?"

ஜெயா. ஆங்கிலத்தில் டாக்டர் ஜோக்ளேகரிடம் கேட்டாள், குனிந்த தலை நிமிரவில்லை. அவள் கை நோயாளியின் கால் காயத்திலேயே இருந்தது.

"நீங்க டீ குடிக்கப் போறேன்னு தினமும் சொல்றீங்க சார். ஒரு நாளும் போனதில்லை. அந்தக் கதவுக்கு வெளியே கண்ணாடி வழியா எங்களையே பார்த்துக்கிட்டு நிற்பீங்க. கையில கப் ஆறிப்போயிருக்கும். நாங்க முடிச்சப்புறம்தான் சிங்க்ல கொட்டிட்டு உள்ள வருவீங்க."

தியேட்டர் சிஸ்டர் களுக்கென்று சிரித்தார். "அந்தக் கப்பை நான்தானே தினமும் கழுவறேன்!" என்றார். டாக்டர் ஜோக்ளேகரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. பெரிய சர்ஜன்கள் தவறு செய்து மாட்டியபோது நான் பார்த்திருக்கிறேன். அக்கறையோடு இருந்து மாட்டிக்கொண்டு ஒருவர் இப்படி வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் வேலாயுதம் விடவில்லை. அவள் தமிழ்ப் பெண் என்று நான் முன்பே காதில் போட்டிருந்ததால் ஜெயாவிடம் தமிழில் கேட்டார். "நெசமாவே அவர் போயிட்டார்னு வச்சுக்க. இங்கிட்டு ரத்தக்குழாய் கிழிஞ்சிருச்சு. நீ என்ன செய்வ?"

"விரல் வெச்சு அமுக்குவேன் சார். கூப்பிடுவேன்."

"அந்தத் தையல் உனக்குப் போடத் தெரியும்ல?"

"தெரியும் சார். ஆனா யாரும் வர்ற வரைக்கும் போட மாட்டேன். எது வரைக்கும் நான், எங்கேர்ந்து டாக்டர்னு எனக்குத் தெரியலேன்னா நான் இங்க நிக்கவே கூடாது."

எந்தப் புத்தகத்திலும் இந்த வாக்கியம் இல்லை. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தியேட்டரில் அதெல்லாம் முடியாது, தொட்டால் அவள் மறுபடியும் கை கழுவ வேண்டும்.

மூன்றாம் நாள் லாட்ஜில் உட்கார்ந்து அறிக்கை எழுதினோம். எங்களுக்குள் சண்டை இல்லை. ஏற்றுக்கொள்ளலாம் என்றும், அதற்கு இரண்டு நிபந்தனைகள் என்றும் எழுதினோம். ஆய்வுக்கு யார் வந்தாலும் மாணவர்களை நோயாளிகளிடமிருந்து அழைத்து வரக் கூடாது. பொறுப்பான டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நிற்க வேண்டும். "டீயை அப்பறமாக் குடிக்கட்டும்" என்று டாக்டர் வேலாயுதம் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். அதை நான் எழுதவில்லை.

சாயங்காலம் மருத்துவமனையில் விடைபெற்றுக்கொண்டு வாசலுக்கு வந்தோம். அங்கே ஸ்கூட்டர் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். அருகில் ஜெயா. எங்களைக் கண்டதும் அவர் ஓடி வந்தார்.

"சார், வணக்கம். நான் ஜெயாவோட அப்பா. ஒரே ஒரு பாத், ஒரு விஷயம் கேட்டுக்கறேன். யூனிவர்சிட்டி கிடைக்குமா, கிடைக்காதா? அந்தக் கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சீட்டை நாளைக்குள்ள சொல்லணும் சார். அதுக்கு மேல வெச்சிருக்க மாட்டேன்றாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார். "அதை நாங்க சொல்லக் கூடாதுய்யா. எழுதிக் குடுப்போம், பல்கலைக்கழகம்தான் சொல்லும்."

"எப்ப சார் சொல்லுவாங்க?"

"மாசமாகும்."

அவர் முகம் வாடிவிட்டது. மகளைத் திரும்பிப் பார்த்தார். ஜெயா தரையைப் பார்த்தாள். எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் ஆய்வு விதியை மீறியவளாவேன். சொல்லாவிட்டால் நாளைக்கு இந்தப் பெண் எங்கேயோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்தக் கை வீணாகுமே!

டாக்டர் வேலாயுதம் ஆட்டோவில் ஒரு காலை வைத்தார். பிறகு அதைக் கீழே இறக்கினார்.

"ஆய்வைப் பத்தித்தான் சொல்லக் கூடாது. என் சொந்த விஷயம் ஒண்ணு சொல்லலாம்ல?" என்றார். "எனக்கு பைபாஸ் பண்ணணும்னு சொல்லி ரொம்ப நாளாச்சு. நாந்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன். நானே சர்ஜன் பாருங்க, எந்தக் கை எப்புடியிருக்கும்னு தெரியும். அதான் பயம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடவே வந்த எனக்கும் தெரியாத சேதி.

"பண்ணிக்கிற அன்னைக்கு, என் கால்ல கத்தி வைக்கிறது உங்க பொண்ணா இருந்தா எனக்குச் சம்மதம். பெரிய டாக்டர் உள்ள நிக்கணும், அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஜெயாவின் அப்பா அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு போய் ஸ்கூட்டரை உதைத்தார். ஜெயா பின்னால் ஏறி, துப்பட்டாவை எடுத்து முகத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலைல உன்னை இங்க எத்தினி மணிக்குக் கொண்டாந்து விடணும்?" என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.